பள்ளி விட்ட பிறகு: மாலை நேர மையம் நடத்துவோருக்குச் சில வழிமுறைகள்

பள்ளி விட்டு நேராக மையத்துக்கு வரும் பிள்ளைகள் பசியோடும் களைப்போடும்தான் வருகிறார்கள். வந்தவுடன் புத்தகத்தை விரிக்கச் சொன்னால் அன்றைய மாலை முழுவதும் முரண்டிலேயே கழியும். முதல் 20 நிமிடங்களைத் தண்ணீர், சிற்றுண்டி, ஓடியாடல் ஆகியவற்றுக்கு விட்டுவிடுங்கள். அதன் பிறகு வீட்டுப்பாடத்தில் உட்கார வைப்பது எளிதாகிவிடும்.

மையம் எதற்காக என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வாசிப்பு, நாடகம், கணக்கு, விளையாட்டு என அனைத்தையும் ஒரே மாலைக்குள் திணித்தால் எதுவும் வேரூன்றாது. அமெரிக்க உளவியலாளர் ஜோசப் டர்லாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் பள்ளி விட்ட பிறகு நடக்கும் பல திட்டங்களின் ஆய்வு முடிவுகளை ஒருசேர ஆராய்ந்து 2010-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கற்பிப்பதைப் படிப்படியாக அமைத்து, பிள்ளைகளையே செய்யவைத்து, அதற்கெனத் தனி நேரம் ஒதுக்கி, எந்தத் திறனை வளர்க்கிறோம் என்பதைத் தெளிவாக வரையறுத்த திட்டங்களே பிள்ளைகளின் நடத்தையிலும் படிப்பிலும் பலன் தந்தன என்று அது காட்டியது.

பணத் தட்டுப்பாட்டைவிட அடிக்கடி ஆள் மாறுவதே மையத்தை அதிகம் உலுக்குகிறது என்பது என் உறுதியான கருத்து. நாளுக்கு இரண்டு மூன்று மணி நேர வேலை, அதற்கேற்ற சொற்ப ஊதியம் என்பதால், முழுநேர வேலை கிடைத்தவுடன் பொறுப்பாளர் விடைபெற்றுவிடுகிறார். அவரிடம் மட்டுமே வாய்திறந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளை மறுபடியும் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. இந்த இழப்பை முழுவதுமாகத் தடுக்க முடியாது, குறைக்க முடியும். ஒவ்வொரு குழுவுக்கும் இருவரை நியமியுங்கள். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, எங்கே தடுமாறுகிறது, எதில் முகம் மலர்கிறது என்று வாரம் ஒருமுறை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

வருகைப் பதிவேட்டை அன்றன்றே பார்த்து, தொடர்ந்து இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே பேசுங்கள். பெரிய பிள்ளைகள்தான் முதலில் நழுவுவார்கள். சிறியவர்களுக்குக் கதை வாசிக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தால் வரக் காரணம் கிடைக்கும். பிள்ளையை அழைத்துச் செல்பவர் கையெழுத்திட வேண்டும். கடைசிப் பிள்ளை போகும்வரை பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும். இவற்றில் விதிவிலக்கே கூடாது.

மதிப்பெண் ஏன் உயரவில்லை என்று நிதி தருபவர்கள் கேட்பார்கள். அப்போது வருகைக் கணக்கோடு அந்தக் குறிப்பேட்டையும் திறந்து, ஆண்டின் முதல் வாரத்தில் எழுதிய இரண்டு வரிகளையும் கடைசி வாரத்தில் எழுதியவற்றையும் அருகருகே படித்துக்காட்டுங்கள்.