பக்கத்தில் இருந்தால் போதுமா? நகர அணுகலை மக்களோடு சேர்ந்து அளப்பது எப்படி

மருத்துவமனையைச் சுற்றி வரைபடத்தில் 500 மீட்டர் வட்டம் போட்டு, உள்ளே விழும் வீடுகளுக்கெல்லாம் 'வசதி உண்டு' என்று குறிப்பதுதான் பரவலான பழக்கம். நடுவில் ரயில் பாதையோ கால்வாயோ நீளமான மதிற்சுவரோ வந்துவிட்டால் அந்த 500 மீட்டர் ஒன்றரை கிலோமீட்டராக நீளும். எனவே தெருவழியாகத்தான் தூரத்தைக் கணக்கிட வேண்டும். மக்களே சேர்ந்து தொகுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உலக வரைபடத்தின் தரவும், வரைபடம் தயாரிக்க உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். வழிகளைக் கணக்கிடும் ஓப்பன்ரூட்சர்வீஸ் என்ற கூடுதல் நிரலை (செருகுநிரல்) அந்த மென்பொருளில் சேர்த்தால், ஓர் இடத்திலிருந்து 15 நிமிடத்தில் எட்டும் பரப்பை அதுவே வரைந்து தரும்.

அன்றாடத் தேவைகள் எல்லாம் நடந்தோ சைக்கிளிலோ 15 நிமிடத்துக்குள் எட்ட வேண்டும் என்ற '15 நிமிட நகரம்' கருத்தை நகரவியல் ஆய்வாளர் கார்லோஸ் மொரேனோ 2016-இல் முன்வைத்தார். அந்த 15 நிமிடம் யாருடையது என்பதில்தான் நியாயம் இருக்கிறது. மணிக்கு 4.8 கி.மீ. நடப்பவர் அதற்குள் 1,200 மீட்டர் போவார். மூட்டுவலியோடு மணிக்கு 3 கி.மீ. நடப்பவர் 750 மீட்டர்தான் போவார். பரப்பாகப் பார்த்தால் முதலாமவர் எட்டுவதில் 39 சதவீதம். வழியில் ஒவ்வொரு நிமிடமாக இரண்டு சிக்னலில் நின்றால் 650 மீட்டர், அதாவது 30 சதவீதத்துக்கும் கீழ். ஆகவே வேகமாக நடப்பவர், மெதுவாக நடப்பவர், சக்கர நாற்காலியில் செல்பவர் என்று மூன்று கணக்காவது தனித்தனியாகப் போடுங்கள். மூன்றாவதில் வேகத்தைவிட வழி முக்கியம். நடைபாதை 90 செ.மீ.க்குக் குறைவாக இருந்தாலோ, இறங்கும் இடத்தில் சாய்தளம் இல்லாவிட்டாலோ, சாய்தளம் 1:12-ஐவிட (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம்) செங்குத்தாக இருந்தாலோ அந்தத் தெருத் துண்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். தகவலே இல்லாத தெருவைத் 'தடையில்லாதது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'தெரியாது' என்று தனி நிறம் கொடுங்கள்.

எதற்கான தூரத்தை அளப்பது என்பதை மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இருபது சேவைகளைச் சீட்டில் எழுதி, இன்றியமையாத ஏழு சேவைகளை எடுக்கச் சொல்லுங்கள். சீட்டில் இல்லாததைச் சேர்க்க வெற்றுச் சீட்டும் வையுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், இரவுப்பணி செய்பவர்கள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் என ஒவ்வொரு குழுவோடும் தனித்தனியாக உட்காருங்கள். எல்லோரையும் ஒரே கூட்டத்தில் வைத்தால் பேசிப் பழகிய இரண்டு மூன்று பேரின் பட்டியல்தான் கிடைக்கும். வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால் கூலிக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தோதான நேரத்தில் வைத்து, செலவிடும் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.

அடுத்து, நான்கைந்து பேராக ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். பகலில் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை. டேப்பும் ஸ்டாப்வாட்சும் போதும். 100 மீட்டருக்கு ஒருமுறை நடைபாதையின் அகலம், விளிம்பின் உயரம், மேலேற்றி நிறுத்திய வண்டிகள், விளக்கு ஆகியவற்றைக் குறியுங்கள். சிக்னலில் பச்சை எரியும் நேரத்தை அவசியம் அளக்க வேண்டும். 14 மீட்டர் அகலச் சாலையை மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் கடக்க ஏறத்தாழ 17 நொடி ஆகும். பச்சை 12 நொடிதான் என்றால் அந்த வேகத்தில் நடப்பவருக்கு அது மூடிய சாலை. பயத்தால் தவிர்க்கும் தெருவை, தவிர்ப்பவர்களின் கணக்கில் அந்த நேரத்துக்கு மட்டும் நீக்குங்கள்.

சேவை திறந்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, காலை 10 மணிக்கு ஒரு வரைபடம், இரவு 8 மணிக்கு ஒரு வரைபடம் போடுங்கள். ஆய்வு எல்லைக்கு வெளியே 2 கி.மீ. வரை உள்ள சேவைகளையும் சேர்க்காவிட்டால், ஓரத்தில் வாழ்பவர்களுக்கு ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும்.

முடிவைச் சராசரியாகச் சொல்லாதீர்கள்; வசதியானவர்களின் ஐந்து நிமிடம் மற்றவர்களின் நாற்பது நிமிடத்தை மறைத்துவிடும். மிக அதிக நேரம் செலவிடும் 10 சதவீத மக்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பதை முதலில் காட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாகவும் கூட்டாதீர்கள். பூங்கா அருகில் இருப்பது மருத்துவமனை தொலைவில் இருப்பதை ஈடுசெய்யாது.

வரைவைப் பெரிதாக அச்சடித்து அதே குழுக்களிடம் கொண்டுபோய்த் திருத்தச் சொல்லுங்கள். கருத்து மாறுபட்டால் இரண்டையும் பதியுங்கள். வெளியிடும்போது யார் வீடு என்று தெரியாதபடி, வீட்டுப் புள்ளிகளை 250 மீட்டர் கட்டங்களாகத் திரட்டிக்கொள்ளுங்கள். நடைபாதை, சாய்தள விவரங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றலாம். யார் எந்தத் தெருவுக்குப் பயப்படுகிறார்கள் என்பதை ஒருபோதும் ஏற்றக்கூடாது.