கைக்குழந்தையோடு ஜெர்மனியில் குடியேற எந்த விசாவைத் தேர்ந்தெடுப்பது?

வெளிநாட்டு வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறோம். மனைவியோ கணவரோ அங்கே வேலை பார்க்கலாமா, குழந்தை எப்போது வந்து சேரலாம், வேலை போனால் மூவரின் நிலை என்ன என்பவை அதற்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்விகள். இவற்றுக்கு விடை சொல்வது விசாவின் வகைதான். சென்னையிலிருந்து இரண்டு வயதுக் குழந்தையோடு ஜெர்மனிக்குப் புறப்படும் குடும்பத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

90 நாளுக்கு மேல் தங்குவதற்குத் தேசிய விசா வேண்டும். இதை ‘டி’ விசா என்பார்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இந்தியக் குடிமக்கள் வேலைக்கோ குடும்பத்தோடு சேர்வதற்கோ செல்லும்போது புறப்படுவதற்கு முன்பே இந்த விசாவைப் பெற்றிருக்க வேண்டும்.

பட்டப்படிப்பும் வேலை ஒப்பந்தமும் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது புளூ கார்டு எனப்படும் வசிப்பு அனுமதி. 2025-இல் இதற்கான ஆண்டுச் சம்பள வரம்பு பிடித்தங்களுக்கு முன் 48,300 யூரோவாக இருந்தது. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும் அண்மையில் பட்டம் பெற்றவர்களுக்கும் அப்போது 43,759.80 யூரோ. இந்த வரம்பு ஆண்டுதோறும் மாறுவதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு இது தரும் நன்மைகள் பெரியவை. துணைவர் ஜெர்மன் மொழிச் சான்றிதழ் இல்லாமலே விசா பெறலாம். அங்கே போனபின் எந்த வேலையையும் தடையின்றிப் பார்க்கலாம். புளூ கார்டு வைத்திருப்பவர் 27 மாதங்களில், பி1 எனப்படும் இடைநிலை அளவுக்கு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதங்களிலேயே, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடியும்.

சம்பளம் வரம்பைத் தொடாவிட்டால் பட்டதாரிகளுக்கான சாதாரண வேலை விசா உண்டு. அதிலும் குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழி இருக்கிறது. 2024 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ‘சான்சன்கார்ட்டே’ எனப்படும் வாய்ப்பு அட்டையைப் பலர் ஆவலோடு விசாரிக்கிறார்கள். அது ஓராண்டு தங்கி வேலை தேடுவதற்கானது. வாரத்துக்கு 20 மணி நேர வேலைக்கே அனுமதி உண்டு. தனியாளுக்கு அது நல்ல வாய்ப்பு. கைக்குழந்தையோடு குடும்பமாகப் போவதற்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புளூ கார்டுக்குப் பட்டத்தின் மதிப்பைக் காட்டவேண்டும். ‘அனபின்’ என்ற இணையத் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே அங்கீகாரத்தைக் குறிக்கும் ‘எச் பிளஸ்’ என்றிருக்கிறதா, உங்கள் பட்டமும் அங்கே இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு பக்கங்களையும் அச்செடுத்து இணையுங்கள். இல்லையென்றால், உங்கள் பட்டம் எந்த ஜெர்மன் பட்டத்துக்கு இணையானது என்று காட்டும் ஒப்பீட்டுச் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது பெயரில்தான். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. கணவரின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயரும், மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயரும், குழந்தையின் பாஸ்போர்ட்டில் கணவரின் பெயரும் குடும்பப் பெயராக நிற்கும். ஆக ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். இது தவறன்று, மாற்றவும் வேண்டியதில்லை. ஆனால் இவர்கள் ஒரே குடும்பம் என்பதைத் திருமணப் பதிவுச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும்தான் நிறுவ வேண்டும். எனவே மூன்று பாஸ்போர்ட்டையும் இரண்டு சான்றிதழையும் மேசைமேல் பரப்பி, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ‘செந்தில்’ என்ற பெயரில் ஓர் ‘எச்’ கூடியிருப்பதும், ஓரிடத்தில் இனிஷியலாக இருப்பது இன்னோரிடத்தில் விரிந்து நிற்பதும் அப்போதுதான் கண்ணில் படும். மருத்துவமனையிலிருந்து வந்த கையோடு எடுத்த பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல் இருப்பதும் உண்டு. பெயரைச் சேர்க்கவும் பிழையைத் திருத்தவும் பிறப்பு-இறப்புப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கவேண்டும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால், வேலைக்கான நேர்காணல் நடக்கும்போதே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

மூவரும் ஒன்றாகவே விண்ணப்பியுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 75 யூரோ, குழந்தைக்கு 37.50 யூரோ. ஆனால் பயணத்தை ஒன்றாக வைத்துக்கொள்வதா என்பதை யோசிக்கவேண்டும். வேலைக்குச் செல்பவர் இரண்டு மாதம் முன்னால் போய் வீடு பார்ப்பதே குழந்தைக்கு நல்லது என்பது என் கருத்து. தற்காலிக அறை எடுத்தால், அந்த முகவரியில் வசிப்பிடப் பதிவு செய்ய வீட்டுக்காரர் கையெழுத்துத் தருவாரா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் அந்தப் பதிவைச் செய்தாக வேண்டும். வரி எண், வசிப்பு அனுமதி எல்லாம் அதன் பின்னால் வருபவை.

மருத்துவக் காப்பீட்டில் அரசு முறைக் காப்பீட்டையே தேர்ந்தெடுங்கள். அதில் வருமானம் இல்லாத துணைவரும் குழந்தையும் கூடுதல் சந்தா இல்லாமல் சேர்க்கப்படுவார்கள். தனியார் காப்பீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கட்டவேண்டும்.

ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு மழலையர் காப்பகத்தில் இடம் பெறும் சட்ட உரிமை 2013 ஆகஸ்ட் முதல் உண்டு. ஆயினும் பல நகரங்களில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடுவதால், முதல் சில மாதங்கள் பெற்றோரில் ஒருவர் வீட்டிலிருக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டே வரவு செலவைத் திட்டமிடுங்கள். காப்பகத்தில் சேர்க்கத் தட்டம்மைத் தடுப்பூசிக்கான சான்று 2020 மார்ச் முதல் கட்டாயம். இரண்டு வயது நிறைந்தவர்களுக்கு இரண்டு தவணை போட்டிருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த தடுப்பூசி அட்டையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசா முடியும் முன்பே வெளிநாட்டினர் அலுவலகத்தில் வசிப்பு அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டால், அங்கே முடிவு தாமதமானாலும் தங்கும் உரிமை தொடரும். குழந்தையின் இந்தியப் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்கே செல்லும். வசிப்பு அட்டையும் அந்த நாளைத் தாண்டிப் போகாது. ஆகவே பாஸ்போர்ட் முடிவதற்குப் பல மாதங்கள் முன்பே, உங்கள் நகரத்துக்குப் பொறுப்பான இந்தியத் தூதரகத்தில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.