பரணில் கிடக்கும் டிவி கேமை மறுபடி ஓட வைக்க

தொண்ணூறுகளில் நம் ஊர்களில் ஓடிய டிவி கேம் பெட்டிகளில் முக்கால்வாசி, ஜப்பானில் நின்டெண்டோ 1983-இல் விட்ட ஃபேமிகாமின் நகல்கள். உள்ளே பெரிய சமாச்சாரம் ஒன்றும் கிடையாது. அதனால் 'ஆன் ஆகலை' என்று உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

முதலில் அடாப்டர். பெட்டிக்கு அடியில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும்; பெரும்பாலும் 9. பின்னுக்கு உள்ளே பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும், அங்கே போட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். பின் பொருந்துகிறதே என்று ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரைச் செருக வேண்டாம்.

அப்புறம் கேசட். நாம் எல்லோரும் அதை ஊதித்தான் வளர்ந்தோம். ஊதும்போது எச்சில் ஈரம் பட்டு உலோகம் அரிக்கும். படம் வந்தது ஊதியதால் அல்ல, கழற்றி மறுபடி மாட்டியதால். காதுக்குப் போடும் பட்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, அந்த 60 பின்களையும் இரண்டு பக்கமும் தேயுங்கள். பட்ஸ் கருப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். பட்டன் வேலை செய்யாத ஜாய்ஸ்டிக்கைத் திறந்து, ரப்பருக்குக் கீழே இருக்கும் பலகையையும் அப்படியே துடைத்தால் போதும்.

இனி டிவி. புது டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் இல்லையென்றால் ஏவி-யை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னக் கன்வெர்ட்டர் வாங்கலாம். படம் வரும். ஆனால் பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் மரியோ குதிப்பார், அதற்குள் பள்ளத்தில் விழுந்திருப்பார். டிவி செட்டிங்கில் 'கேம் மோடு' போட்டால் ஓரளவு சரியாகும்.

என்னைக் கேட்டால், பழைய குண்டு டிவி ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் வழி. காயலான் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். (அதன் பின்மூடியை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் நிற்கும்.) வாத்து சுடும் கேமுக்கான துப்பாக்கி அதில்தான் வேலை செய்யும். துப்பாக்கியிலிருந்து எதுவும் பாய்வதில்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி முனையில் இருக்கும் சென்சார் பார்த்தால் வாத்து விழும். எல்இடி டிவியில் வெளிச்சம் தாமதமாக வருவதால், மூக்குக்கு நேரே வைத்துச் சுட்டாலும், குறி தப்பியதாக அந்தக் கேமில் வரும் நாய் சிரிக்கத்தான் செய்யும்.

எல்லாம் ஓடிவிட்டதா? கான்ட்ரா கேமைப் போடுங்கள். ஆரம்பத் திரையில் பட்டன்களை இந்த வரிசையில் அழுத்துங்கள்: மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. இரண்டு பேர் என்றால் ஒரு செலக்ட், பிறகு ஸ்டார்ட். ஆளுக்கு 30 லைஃப். தம்பியோ தங்கையோ கூட இருந்தால் அருவி லெவலில் சேர்ந்தே ஏறுங்கள். முன்னால் ஏறுகிறவர் திரையை மேலே தள்ளிவிடுவார். கீழே மாட்டிக்கொண்டவருக்கு ஒரு லைஃப் போய்விடும். எங்கள் வீட்டில் சண்டையெல்லாம் அந்த இடத்தில்தான்.