பழைய ஒமேகா ஆட்டோமேட்டிக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் தாத்தாவோ பெரியப்பாவோ விட்டுப்போன பழைய ஒமேகா ஆட்டோமேட்டிக் வாட்ச் (கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் வகை) ஒன்று இன்னும் அலமாரியில் கிடக்கும். அதைக் கட்டிப் பார்த்த ஆசையில் இன்னொன்று தேடக் கிளம்புகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் கண்ணில் பட்டவரை, பணத்தை விடுபவர்கள் பெரும்பாலும் பளபளப்பைப் பார்த்து அவசரப்பட்டவர்கள்தான்.

முதலில் டயல். 1952இல் வந்த கான்ஸ்டலேஷன் என்ற ஒமேகா மாடலில், ஓரம் பன்னிரண்டு பட்டைகளாகச் சரியும் டயலுக்குத் தனி மவுசு. அறுபது வருடம் கடந்த டயல் லேசாக மஞ்சளித்தோ புள்ளி விழுந்தோ இருப்பது இயல்பு. புத்தம் புதிதாக மின்னினால் மறுபடி பெயின்ட் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். பூதக்கண்ணாடியில் பாருங்கள். எழுத்து தடித்திருக்கிறதா? நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்கின்றனவா? அடியில் உள்ள ‘சுவிஸ் மேட்’ கோணலா? கறை படிந்திருந்தாலும் அசல் டயலைத்தான் நான் எடுப்பேன்.

பாலிஷ் இதைவிட மோசம். தாத்தாவுக்குச் சர்க்கரை ஆலையில் 25 வருட வேலைக்குப் பரிசாகக் கொடுத்த சீமாஸ்டரை (இன்னொரு ஒமேகா மாடல்) ஒரு கடையில் கொடுத்தேன். பளிச்சென்று ஆக்கித் தருவதாகச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது பின்மூடியில் செதுக்கியிருந்த அவர் பெயர் பாதி தேய்ந்திருந்தது. பட்டை மாட்டும் கொம்புகளின் கூர்மையும் போய்விட்டது. தேய்த்து எடுத்த உலோகம் திரும்பி வராது. இன்றும் அதைக் கையில் எடுத்தால் மனசு வலிக்கிறது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘கேஸைத் (வெளி உலோகக் கூட்டை) தொட வேண்டாம்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

அப்புறம், பின்மூடியைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மாடல் எண் மூடியின் உட்பக்கம் இருக்கும், சீரியல் எண் இயந்திரத்தின் மேல் இருக்கும். இரண்டும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். இயந்திரத்துக்கும் வகை எண் உண்டு. 551 வகை இயந்திரத்துக்குத் தேதி கிடையாது, 561க்கு உண்டு. தேதி ஜன்னல் வைத்த டயலுக்கு அடியில் 551 இருந்தால் அது ஒட்டுப்போட்ட வாட்ச். இந்த வலையில் பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள். 2021இல் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போன ஒரு ஸ்பீட்மாஸ்டர் (இதுவும் ஒமேகா மாடல்தான்), பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது என்று 2023இல் தெரியவந்தது. அதை வாங்கியது ஒமேகாவின் சொந்த மியூசியம்! அது சாவி கொடுக்கும் வகை, ஆனால் பாடம் ஆட்டோமேட்டிக்குக்கும் அதேதான்.

1940களிலும் 50களின் தொடக்கத்திலும் வந்த ஆட்டோமேட்டிக்குகளில் ரோட்டர் (கை அசையும்போது ஆடிச் சாவி ஏற்றும் எடைத்தட்டு) முழு வட்டம் சுற்றாது, இருபுறமும் ஸ்பிரிங்கில் மோதித் திரும்பும். கையில் அந்தத் தட்டல் தெரியும். பழுது என்று நினைத்து நல்ல வாட்சைக் கைவிட வேண்டாம். முழுதாகச் சுற்றும் பிந்தைய ரோட்டரில் உரசல் சத்தம் கேட்டால் கவனியுங்கள். அச்சு தேய்ந்து, ரோட்டர் மூடியில் உரசிக்கொண்டிருக்கலாம்.

ஓடுகிறதே என்று திருப்திப்படுவதும் தவறுதான். எண்ணெய் காய்ந்த பின்னும் வாட்ச் ஓடும், உள்ளே பல்சக்கரங்களின் அச்சுகள் தேய்ந்துகொண்டே இருக்கும். சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றை மறந்துவிடாதீர்கள். பழைய ரப்பர் வளையம் கெட்டியாகி வெடித்திருக்கும். சீமாஸ்டர் என்ற பெயரை நம்பிக் கடலில் இறங்க வேண்டாம். தைப்பூசக் காவடிக்குப் போகும்போதும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள், வேர்வையும் மஞ்சள் தண்ணீரும் சும்மா விடாது. கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் வெயிலில் காயவைத்துப் பார்க்காமல் அன்றே ரிப்பேர்க்காரரிடம் கொண்டு போங்கள். ஒரு வாரம் விட்டாலும் முள்ளிலும் இயந்திரத்திலும் துரு ஏறிவிடும்.