கார்ப்பெட் வாஷுக்கு ஆள் கூப்பிடும் முன்: புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கு

போனில் ரேட் கேட்பதற்கு முன் கார்ப்பெட்டைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்து டிசைன் பின்னாலும் அப்படியே தெரிந்து, ஓரத்துக் குஞ்சம் நெசவிலிருந்தே நீண்டு வந்தால் அது கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. குஞ்சத்தைத் தனியாகத் தைத்திருந்தால் மெஷின் நெசவு. பின்னால் ஒரு துணி ஒட்டியிருந்தால் ‘டஃப்டெட்’. அந்தத் துணிக்குள் இருப்பது லேட்டக்ஸ் பசை. தண்ணீர் அதிகம் குடித்தால் பசை விட்டுப்போய், காய்ந்த பிறகு கார்ப்பெட் அப்பளம் மாதிரி அங்கங்கே உப்பி நிற்கும். சணல் விரிப்பை நனைக்கவே விடாதீர்கள், காயும்போது பழுப்பேறிவிடும். பவானி ஜமக்காளம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். பருத்திதானே, மென்மையான சோப்பில் தனியாக அலசி மொட்டைமாடி நிழலில் போட்டால் போதும்.

அடுத்து டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். 5க்கு 7 அடி என்றால் 35 சதுர அடி, 8க்கு 10 என்றால் 80. “எட்டுக்குப் பத்து, உல்லன், டஃப்டெட், ஒரு மூலையில் சாம்பார் கறை” என்று சொல்லிக் கேட்டால்தான் வரும் ரேட்டுக்கு அர்த்தம் உண்டு. “மீடியம் சைஸ்” என்று சொன்னால், நேரில் பார்த்த பிறகு தொகை ஏறும்.

சதுர அடி ரேட்டை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பலர் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைத்திருப்பார்கள். உதாரணத்துக்கு, சதுர அடி 20 ரூபாய், குறைந்தபட்சம் 1,500 என்றால் 35 சதுர அடிக்குக் கணக்குப்படி 700தான் வரும், ஆனால் நீங்கள் கொடுப்பது 1,500. அதே நடையில் சோபாவையும் மெத்தையையும் சேர்த்துக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஜிஎஸ்டி உள்ளே அடக்கமா, தனியா என்று அப்போதே கேளுங்கள். தனி என்றால் 18 சதவீதம் சேர்ந்து அந்த 1,500 ரூபாய் 1,770 ஆகிவிடும். வரி போடுகிறவர் பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். புதுச்சேரிப் பதிவு 34 என்றும், கடலூர் ஆள் என்றால் தமிழ்நாட்டுப் பதிவாக 33 என்றும் தொடங்கும். எண் இல்லாத துண்டுச்சீட்டில் வரி மட்டும் இருந்தால் கொடுக்காதீர்கள். ஊர் தாண்டி வந்தால் வண்டிக்கூலி, மாடி ஏற்றும் கூலி, சோபா நகர்த்தும் கூலி இதெல்லாமும் முன்கூட்டியே பேச வேண்டியவை.

இனிதான் முக்கியமான கேள்வி: “நனைச்ச தண்ணிய எதால எடுப்பீங்க?” ஷாம்பு போட்டு பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத் துணியால் துடைக்கிறவர் மலிவாகத்தான் கேட்பார். ஆனால் நுரை உள்ளேயே தங்கி, காய்ந்ததும் பிசுபிசுப்பாகித் தூசியை இழுக்கும். ஒரே மாதத்தில் முன்பைவிட அழுக்காகத் தெரிவது இதனால்தான். தண்ணீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின், அல்லது குறைந்தது வெட் வேக்குவமாவது வேண்டும். ஹீட்டர் உள்ள மெஷினுக்கு 15 ஆம்ப் பவர் பிளக் தேவை. 6 ஆம்ப் பிளக் ஏறத்தாழ 1,380 வாட் வரைதான் தாங்கும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு அதை விடாதீர்கள். நூலில் தங்கிய உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, காய்ந்த கார்ப்பெட்டையும் நசநசக்க வைக்கும். நல்ல தண்ணீர் இரண்டு மூன்று குடம் பிடித்து வையுங்கள்.

ஆள் வந்ததும், நனைக்கும் முன் முதலில் வேக்குவம் போட வேண்டும். மணலோடு நனைத்தால் சேறுதான். பிறகு சாயச் சோதனை: வெள்ளைத் துணியை அவர் கொண்டுவந்த கரைசலில் நனைத்து, ஓர் ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். துணியில் நிறம் ஏறினால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். உல்லனுக்குக் காரத்தன்மை (ஆல்கலி) குறைந்த ஷாம்புதான், சோடா கலந்த பவுடர் கூடாது. சாம்பார்க் கறையில் காரச் சோப்பு பட்டதும் மஞ்சள் சட்டென்று செங்காவி நிறத்துக்கு மாறும். பயந்துபோய் அதைத் தேய்க்க விடாதீர்கள், கறை இன்னும் பரவிவிடும். சோபா என்றால் குஷனுக்கு அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள்: ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் படலாம், ‘எஸ்’ என்றால் சால்வென்ட் (தண்ணீர் இல்லாத கரைப்பான்) மட்டும், ‘எக்ஸ்’ என்றால் வேக்குவம் தவிர எதுவும் கூடாது.

முடித்ததும் ஒரு டிஷ்யூவை வைத்துக் காலால் மிதியுங்கள். டிஷ்யூ சொதசொதவென்று நனைந்தால் இன்னொரு முறை, தண்ணீர் விடாமல், உறிஞ்சச் சொல்லுங்கள். அவர் போன பிறகு கார்ப்பெட்டை நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் தூக்கிப் போட்டு, ஃபேன் காற்று அடியிலும் போகும்படி வையுங்கள். ஏசி இருந்தால் டிரை மோடில் ஓடட்டும். ஒன்றிரண்டு நாள் ஈரம் நின்றால் பூஞ்சை வாடை வந்துவிடும், பிறகு அதற்குத் தனிச் செலவு. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். தீபாவளிக்குத்தான் வேண்டும் என்றால் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

போன கறை இரண்டு நாளில் அதே இடத்தில் தலைகாட்டினால் அது அடியில் இருந்த அழுக்கு, காயும்போது நூல் வழியே மேலே ஏறியது. நல்ல வேலைக்காரருக்கும் இது நடக்கும். ஒரு வாரத்துக்குள் ஒருமுறை இலவசமாக வந்து பார்ப்பதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள், முழுத் தொகையை முன்பணமாகக் கொடுக்காதீர்கள். சாயம் போய், பசை விட்டு, ஆளும் போனை எடுக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பேசும்போது அந்தப் பில்லும், வேலைக்கு முன் எடுத்த போட்டோவும் கையில் இருக்கட்டும்.