படப் பலகை, பேசும் டேப்லெட்: கூட இருப்பவர்கள் செய்யும் தவறுகள்

பேச்சு வராத பிள்ளையிடம் சொற்களுக்கான படங்கள் உள்ள பலகையையோ, படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும் டேப்லெட்டையோ கொடுத்து "தொட்டுச் சொல்லு" என்று காத்திருப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. மற்ற பிள்ளைகள் முதல் சொல்லைச் சொல்வதற்கு முன் ஓராண்டாவது பேச்சைக் கேட்கிறார்கள். படம் தொட்டுப் பேசுவதையும் யாராவது செய்துகாட்டத்தானே வேண்டும்? "தண்ணி தீர்ந்துபோச்சு, இன்னும் வேணுமா?" என்று கேட்கும்போதே 'தீர்ந்தது', 'இன்னும்' இரண்டையும் நீங்கள் தொடுங்கள். எல்லாச் சொல்லையும் தொட வேண்டியதில்லை. பிள்ளை பதிலுக்குத் தொடாவிட்டாலும் விடாதீர்கள், மாதக்கணக்கில் ஆகலாம்.

கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அசைவுக் குறைபாடு இருந்தால் அதற்கு மேலும் பொறுக்க வேண்டும். நடுவில் மறுபடி கேட்டால், பாதி வந்த பதில் கலைந்துபோகும். விரலைப் பிடித்துப் படத்தில் அழுத்த வைக்காதீர்கள். அது உங்கள் பேச்சு, பிள்ளையுடையது அல்ல.

பலகை முழுக்கச் சாப்பாடும் பொம்மையும் இருந்தால் கேட்டு வாங்க மட்டுமே முடியும். 'வேண்டாம்', 'நிறுத்து', 'உதவி', 'வலிக்குது', 'என்ன' ஆகியவை முதல் நாளிலிருந்தே வேண்டும். 'வேண்டாம்' இல்லாத பிள்ளை தட்டைத் தள்ளிவிடும். அதை அடம் என்போம்.

அழகுக்காகப் படங்களை இடம் மாற்றுவதுதான் அதிகம் கெடுக்கிறது. பார்க்காமல் டைப் அடிப்பவரைப் போல, விரல் இடத்தைத்தான் நினைவில் வைக்கிறது. நாலு கட்டத்தில் தொடங்கிப் பிறகு நாற்பதாக்கினால் கற்ற இடமெல்லாம் வீண். முதலிலேயே நிறையக் கட்டங்கள் உள்ள அமைப்பை வைத்து, தேவையில்லாததை மறைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திறங்கள். அதே அமைப்பைத் தாளில் அச்சிட்டு லேமினேட் செய்து வையுங்கள். சார்ஜ் தீரும்போதும் குளிக்கும்போதும் அதுதான் கைகொடுக்கும்.

விளையாட்டு, வீடியோ எதுவும் அந்த டேப்லெட்டில் வேண்டாம். தண்டனையாகப் பிடுங்கி வைக்கவும் கூடாது. வாயைப் பொத்துவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

"இதற்குப் பழகினால் பேச்சே வராது" என்ற பயத்தில் தள்ளிப்போடுபவர்கள் பலர். மில்லர், லைட், ஷ்லாசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், நம்பகமான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 சதவீதத்தினருக்குக் கூடியது, பெரும்பாலும் கொஞ்சமாகத்தான்.

பக்கவாதத்தில் பேச்சிழந்த பெரியவர்களிடம் வேறொரு சிக்கல்: சிலருக்குத் தலையாட்டலே மாறிவரும், 'ஆமா' என்று நினைத்து 'இல்லை' என ஆட்டுவார்கள். பெயரைச் சரியாக ஒருமுறை, தப்பாக ஒருமுறை சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பதில் நம்பும்படி இருந்தால், எது 'ஆமா', எது 'இல்லை' என்று எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். "உட்காரணுமா, படுக்கணுமா?" என்று சேர்த்துக் கேட்காதீர்கள். "உட்காரணுமா?" என்று கேட்டுப் பதில் வந்தபின் அடுத்ததைக் கேளுங்கள்.