தேசிய கீதத்துக்கு முட்டி போட்டா வேலை போகுமா? அமெரிக்காவுல எதிர்ப்பு காட்டுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

2016ல அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் காலின் கேப்பர்னிக் இன அநீதிய எதிர்த்து தேசிய கீதம் ஓடும்போது எந்திரிக்காம உக்காந்தாரு, அப்புறம் முட்டி போட்டாரு பாருங்க, அன்னைலேர்ந்து இந்த சண்டை ஓயல. ஒரு க்ரூப் "அது அவரு பேச்சுரிமை, யாரும் கை வைக்க முடியாது"ங்குது, இன்னொரு க்ரூப் "சம்பளம் குடுக்குறவன் நில்லுன்னா நிக்கணும்"ங்குது, ரெண்டுமே பாதி தான் சரி. நீங்க அங்க வேலை பாக்குறீங்க, எதுக்கோ எதிர்ப்பு காட்டணும்னு தோணுதுன்னா எத மொதல்ல பாக்கணும்னு சொல்றேன். நான் வக்கீல் இல்ல, கேஸ் கதை படிக்கிற பைத்தியம், அதனால பெரிய விஷயம்னா வக்கீல் கிட்ட போயிடுங்க.

மொதல்ல சம்பளம் போடுறது யாருன்னு பாருங்க. நீங்க சொல்றது நியாயமா இல்லையாங்குறது எல்லாம் அப்புறம். ஏன்னா பேச்சுரிமைய குடுக்குற அரசியல் சாசனத்தோட முதல் திருத்தம் கட்டிப் போடுறது அரசாங்கத்த மட்டும் தான், தனியார் முதலாளிய அது தொடவே தொடாது. கேப்பர்னிக் ஆடுன ஃபுட்பால் லீக் என்எஃப்எல், அது தனியார். கேப்பர்னிக் 2017 அக்டோபர்ல லீக் மேல புகார் குடுத்தப்போ பேச்சுரிமைய கையில எடுக்கவே இல்லங்க, வீரர்கள் சங்கமும் லீக்கும் போட்ட ஒப்பந்தத்துல டீம் ஓனருங்க கூட்டு சேந்து ஒருத்தர ஒதுக்கக் கூடாதுன்னு இருக்கு, அத மீறிட்டாங்கன்னு தான் அவரு வாதம். 2019 பிப்ரவரில செட்டில்மெண்ட் ஆச்சு, தொகை எவ்வளவுன்னு வெளிய சொல்லல. இதுல பல பேருக்கு தெரியாத ஒண்ணு, அவர யாரும் டிஸ்மிஸ் பண்ணல, 2017 மார்ச்ல ஒப்பந்தத்துலேர்ந்து அவரே வெளிய வந்தாரு, அதுக்கப்புறம் ஒரு டீமும் எடுக்கல.

அதே முட்டிய அரசாங்க இடத்துல போட்டா கதையே வேற. 2017ல ஜார்ஜியாவுல கென்னசா ஸ்டேட் யுனிவர்சிட்டில சியர்லீடரா (மேட்ச்ல ஆடிப்பாடி டீம உற்சாகப்படுத்துறவங்க) இருந்த பொண்ணுங்க அஞ்சு பேர் கீதத்தப்போ முட்டி போட்டாங்க, அடுத்த மேட்ச்லேர்ந்து கீதம் முடியுற வரைக்கும் சியர்லீடருங்கள மைதானத்துக்குள்ளயே விடல, அதுல ஒரு பொண்ணு கேஸ் போட, 2019ல 1,45,000 டாலருக்கு செட்டில் ஆச்சு. அது அரசு யுனிவர்சிட்டி, அதான். ஸ்கூல் பசங்கள கொடிக்கு சல்யூட் அடிக்கச் சொல்லி கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1943லயே பார்னெட் வழக்குல சொல்லிடுச்சு.

அதுக்காக அரசு வேலைன்னா என்ன வேணா பேசலாம்னு நினைச்சுடாதீங்க. 1968 பிக்கரிங் வழக்குல, ஸ்கூல் போர்டு காச எப்படி செலவு பண்ணுதுன்னு பேப்பருக்கு லெட்டர் எழுதுன டீச்சர் ஜெயிச்சாரு. பேசுறது பொது விஷயமா இருக்கணும், அந்த பேச்சால ஆபீஸ் வேலை எவ்வளவு கெடுதுன்னு தராசுல வெச்சு பாப்பாங்க. ஆனா 2006ல கார்செட்டி வழக்குல, உங்க வேலையோட பாகமா நீங்க எழுதுற மெமோ, ரிப்போர்ட்டுக்கெல்லாம் இந்த பாதுகாப்பு கிடையாதுன்னுட்டாங்க. எனக்கு இந்த தீர்ப்பு சுத்தமா புடிக்கல, ஊழல கண்டுபுடிக்கிறதே வேலையா இருக்குறவனுக்கு தான் பாதுகாப்பு கம்மி. சரி விடுங்க, சட்டம் அது தான்.

தனியார் கம்பெனி ஆளுங்க தான் இங்க நெறைய பேர், உங்களுக்கு மூணு எடம் இருக்கு தேடிப் பாக்க.

ஒண்ணு ரூல் புக். கையில இருக்குற ஒப்பந்தம், ஹேண்ட்புக், யூனியன் இருந்தா அதோட அக்ரிமெண்ட். 1996ல பாஸ்கட்பால் வீரர் மஹ்மூத் அப்துல் ரவூஃப கீதத்துக்கு நிக்காததுக்கு அவரு ஆடுன லீக் என்பிஏ சஸ்பெண்ட் பண்ணுச்சு, ஏன்னா நிக்கணும்னு அவங்க விதியிலயே இருந்துச்சு, கடைசில நின்னுக்கிட்டே தலைய குனிஞ்சு பிரார்த்தனை பண்றேன்னு சமாதானமா போனாரு. 2016ல என்எஃப்எல் விதி அவ்வளவு கறாரா இல்ல. 2018 மே மாசம் மைதானத்துல இருக்குறவன் நின்னே ஆகணும்னு லீக் புது விதி கொண்டு வந்துச்சு, எங்கள கேக்காம எப்படி போடுவீங்கன்னு வீரர்கள் சங்கம் புகார் குடுக்க, ஜூலைலயே அத நிறுத்தி வெச்சுட்டாங்க. யூனியன் இருக்குறதோட பலன் இது தான்.

ரெண்டாவது 1935ல வந்த தொழிலாளர் உறவுச் சட்டம். யூனியன் இல்லாட்டியும் இது உங்களுக்கு உண்டு, ஹெச்1பி விசாவுல இருந்தாலும் உண்டு, ஆனா அரசு ஊழியருக்கும் சூப்பர்வைசர், மேனேஜருக்கும் கிடையாது. நீங்களும் கூட வேலை பாக்குறவங்களும் சேந்து சம்பளம், ஷிஃப்ட், பாதுகாப்பு, பாரபட்சம்னு வேலை சம்பந்தமா பேசுனா அதுக்காக தூக்க முடியாது. தனியாளா ஜனாதிபதிய திட்டி போஸ்ட் போட்டா இதுல வராது, அதனால கேக்குற விஷயத்த வேலையோட கோத்து, ஒரு ஆளாவது கூட சேத்துக்கிட்டு கேளுங்க.

மூணாவது உங்க ஸ்டேட் சட்டம், இதுல தான் ஊருக்கு ஊர் மாறுது. கலிஃபோர்னியாவுல ஊழியரோட அரசியல் செயல்பாட்ட முதலாளி கட்டுப்படுத்தக் கூடாது, நியூயார்க்ல ட்யூட்டி நேரம் போக ஆபீஸுக்கு வெளிய தேர்தல் வேலை பாத்தா கை வைக்க முடியாது, கனெக்டிகட்ல தனியார் ஊழியருக்கும் பேச்சுரிமை சட்டமே இருக்கு. ஆனா அதுலயும் ஒரு கேஸ் பாருங்க, வளைகுடா போர் வெற்றிய கொண்டாட யுனைடெட் டெக்னாலஜிஸ்ங்குற கம்பெனில எல்லாரும் அவங்கவங்க எடத்துல கொடி வைக்கச் சொன்னாங்க, ஒரு ஊழியர் மாட்டேன்னாரு, வேலை போச்சு. 1999ல அந்த ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் இந்த சட்டம் தனியார் கம்பெனிக்குள்ளயும் செல்லும்னு ஒத்துக்கிச்சு, ஆனா அவரு கேஸ் தோத்துச்சு. வர்ஜீனியாவுல ஜூலி ப்ரிஸ்க்மேன் 2017ல சைக்கிள்ல போகும்போது ட்ரம்ப் கார் வரிசைக்கு நடுவிரல் காட்டுனாங்க, லீவ் நாள் தான், யூனிஃபார்ம் கூட இல்ல, இருந்தும் வேலை போச்சு. தப்பா வேலைய விட்டு தூக்குனாங்கங்குற வாதம் கோர்ட்ல நிக்கல, வேலைய விட்டு அனுப்பும்போது தர்றதா சொன்ன காசு பாக்கிங்குறது மட்டும் நின்னுச்சு. (2019ல அதே அம்மா கவுண்ட்டி தேர்தல்ல ஜெயிச்சாங்க, அது தனி கதை.)

இவ்வளவும் பாத்து முடிச்சு எறங்குறதா இருந்தா வேலை நிக்காத மாதிரி எறங்குங்க, கேப்பர்னிக் முட்டி போட்டதால ஆட்டம் நிக்கல பாருங்க. கம்பெனி டீஷர்ட், லோகோ, ஆபீஸ் மெயில் ஐடி எதுவும் கலக்காதீங்க. மேனேஜர் வாய்ல சொன்னத அன்னைக்கே தேதி போட்டு எழுதி சொந்த நோட்டுல வைங்க, ஆபீஸ் லேப்டாப்ல வெச்சா வேலை போற அன்னைக்கு அதுவும் போயிடும். விசாவுல இருந்தா வேலை போன நாள்லேர்ந்து அதிகபட்சம் 60 நாள் தான் டைம், அத கணக்கு போட்டுட்டு எறங்குங்க.

வேலை போயிடுச்சுன்னா அவங்க நீட்டுற செட்டில்மெண்ட் பேப்பர்ல உடனே கையெழுத்து போடாதீங்க, கேஸ் போட மாட்டேன், கம்பெனிய பத்தி பேச மாட்டேன்னு அதுக்குள்ள தான் ஒளிஞ்சிருக்கும். மேல சொன்ன 1935 சட்டத்துக்கான தொழிலாளர் வாரியத்துல புகார் குடுக்க 6 மாசம், ஃபீஸ் கிடையாது. இனம், மதம்னு பாரபட்சம் இருந்தா வேலையில பாரபட்சம் பத்தின புகார பாக்குற அரசு அமைப்பு ஈஈஓசி கிட்ட 180 நாள், நெறைய ஸ்டேட்ல 300 நாள், அந்த தேதிய தாண்டுனா எவ்வளவு நல்ல கேஸா இருந்தாலும் பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க.